பாதாளச் சாக்கடையும் கிறிஸ்தவ மனச்சாட்சியும்

(நமது ஆலயப் பொன்விழா ஆண்டில், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று மாலை பங்கு மண்டபத்தில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



மே முதல் நாளை உலகமெங்கும் தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நாளையே தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகத் திருத்தந்தை 12-ம் பத்திநாதர் 1955-ம் ஆண்டில் ஏற்படுத்தினார். இன்று காலைத் திருப்பலியில் தச்சர், கொத்தர், தையற்காரர், ஓட்டுநர், ஆசிரியர், செவிலியர் என்று பலரும் தத்தம் தொழிற்கருவிகளைப் பீடத்தடியில் வைத்து மந்திரிக்கச் செய்தீர்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒரு தொழிலின் கருவி மட்டும் அங்கே வரவில்லை. கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுப்பவரின் மூங்கில் குச்சியும் கயிறும் வரவில்லை. கொண்டுவர அவர்களுக்குக் கூச்சம். கொண்டுவரச் சொல்ல நமக்கு நினைவில்லை. ஆகையால் இன்று மாலை அந்தத் தொழிலைப் பற்றியும், அதில் உயிர்ச்சேதம் நேராமல் காவல் காக்கும் வேலையைப் பற்றியும் பேசலாம் என்றிருக்கிறேன்.

இளந்தொழிலாளர் இயக்கத்தில் பயிற்சி பெற்ற பெரியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். 1925-ல் பெல்ஜியத்தில் அந்த இயக்கத்தைத் தொடங்கிய கர்தினால் கார்டைன் கற்றுக்கொடுத்த முறை மூன்றே சொற்கள் கொண்டது: பார், சிந்தி, செயல்படு. திருத்தந்தை 23-ம் அருளப்பர் 1961-ல் வெளியிட்ட சுற்றுமடலில் இம்முறையை ஏற்றுப் போதித்தார். நானும் அதே வரிசையில் பேசுகிறேன்.

பார்

காலையில் வீட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். அதற்குப் பின் அது எங்கே போகிறது என்று எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? தெருவுக்கு அடியில் உள்ள குழாய் வழியாக நீரேற்று நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து பெரிய குழாய்களில் ஏற்றி, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்புகிறார்கள். இந்தப் பணிக்கென்று 1978-ல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்டதுதான் நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்லும் வாரியம். நம் பங்கு எல்லைக்குள் சில தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. சில தெருக்களில் இன்னும் செப்டிக் டேங்க்தான்.

இந்தக் குழாய்களுக்குள்ளும் தொட்டிகளுக்குள்ளும் காற்று புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவை அழுகச் செய்யும்போது சில வாயுக்கள் உண்டாகின்றன. அவற்றுள் கொடியது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அதுதான். இது காற்றைவிடச் சற்றுக் கனமானது. பள்ளத்தில் தங்கி நிற்கும்.

இந்த வாயுவின் வஞ்சகத்தைக் கவனியுங்கள். 10 லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரிந்துவிடும். 100 பங்கு ஆகும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 500 பங்குக்கு மேல் போனால் தள்ளாட்டம் வரும். சில நிமிடங்களில் ஆள் சாய்ந்துவிடுவான். 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவான். கத்தக்கூட நேரமிராது. "நாற்றம் குறைந்துவிட்டது, இனி இறங்கலாம்" என்று மேஸ்திரி சொல்லுகிற நேரந்தான் சில சமயம் மிகவும் ஆபத்தான நேரம்.

இது ஒன்று மட்டுமா? மீத்தேன் வாயு இருக்கும். அது காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். பிராணவாயு குறைந்திருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு. 19.5-க்குக் கீழே போனாலே ஆள் இறங்கத் தகாத இடம் என்பது விதி. நம் ஊர்களில் தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டு, அணையாமல் எரிந்தால் இறங்கலாம் என்பார்கள். அன்பர்களே, தீக்குச்சி எரிந்தால் பிராணவாயு ஓரளவு இருக்கிறது என்பது மட்டுந்தான் தெரியும். விஷவாயு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. மீத்தேன் இருந்தால் அந்தக் குச்சியே எமனாகும். மூக்கில் ஈரத் துணி கட்டிக்கொள்வதும் வீண். வாயு துணியைக் கடந்து வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. மேலே நின்று சோதித்தபோது ஒன்றுமில்லாத தொட்டியிலேயே, உள்ளே இறங்கியவன் காலால் சகதியைக் கிளறியவுடன் அடியில் அடைபட்டிருந்த வாயு குபீரென்று கிளம்பும். அதனால்தான் ஒருமுறை சோதித்தால் போதாது; வேலை முடியும்வரை சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர். கழிவுநீர்த் துறையில் பாதுகாப்பைக் கவனிப்பது அவர் உத்தியோகம். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வேலை என்ன என்று விசாரித்தேன். முதல் வேலை, ஆள் இறங்காமலே காரியம் நடக்குமா என்று பார்ப்பது. நீரைப் பீய்ச்சி அடைப்பைத் தள்ளும் ஜெட்ராடிங் வண்டி, சகதியை உறிஞ்சும் வண்டி, தூர் வாரும் இயந்திரம் எல்லாம் அதற்குத்தான். அண்டை மாநிலமான கேரளத்தில் 2018-ல் மேன்ஹோலைத் துப்புரவு செய்ய ஓர் இயந்திர மனிதனையே பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் இறங்கியே தீர வேண்டிய அபூர்வமான நிலை வந்தால், முன்னும் பின்னும் உள்ள மூடிகளைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் தர வேண்டும். மேலும் நடுவிலும் அடியிலும் மீட்டர் கொண்டு வாயுவைச் சோதிக்க வேண்டும். பம்பை நிறுத்தி, வேறு யாரும் ஓட்டிவிடாதபடி பூட்ட வேண்டும். பொறுப்பான அதிகாரி எழுத்தில் அனுமதி தர வேண்டும். இறங்குகிறவர் உடம்பைச் சுற்றிப் பட்டை வார், அதில் கயிறு, மேலே முக்காலியும் சுழற்றி இழுக்கும் கருவியும், முகத்துக்கு வெளிக்காற்று வரும் கவசம். மேலே ஒருவர் கயிற்றின் மேல் கண் வைத்து நிற்க வேண்டும். டீ குடிக்கக்கூட அந்த இடத்தைவிட்டு அவர் நகரக் கூடாது.

விஷவாயு போதாதென்று எலிக்காய்ச்சல், மஞ்சட்காமாலை, டைபாய்டு ஆகிய நோய்கள் உண்டு. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் சரிவதுண்டு. நடுச்சாலையில் வேலை செய்யும்போது வாகனம் மோதுவதும் உண்டு. இத்தனையையும் முன்கூட்டியே நினைத்துப் பார்க்கிற உத்தியோகம் அது. அவர் சொன்ன ஒரு வார்த்தை மனத்தில் நிற்கிறது: "சாமி, நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்?"

புனித சூசையப்பரை நினைத்துக்கொண்டேன். கனவில் எச்சரிக்கை வந்தவுடன், விடியட்டும் என்று காத்திராமல், பாலனையும் தாயையும் இரவோடு இரவாக எகிப்துக்கு அழைத்துச் சென்றவர் அவர். ஏரோதின் வாள் வந்து சேரும்போது வீடு காலியாக இருந்தது. நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஆபத்து வருமுன் அதை நீக்கிவிட்டுப் பேசாமல் இருப்பவர்களுக்கெல்லாம் அவரே பாதுகாவலர்.

சிந்தி

இப்போது கொஞ்சம் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

நான் முன்பு வேறொரு ஊரில் பங்குத் தந்தையாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒரு வீட்டின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இருவரை அழைத்திருந்தார்கள். ஒருவர் இறங்கினார், விழுந்தார். மேலே நின்றவர் "அண்ணே, அண்ணே" என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுத் தானும் இறங்கினார். ஒரே நாளில் இரண்டு அடக்கச் சடங்குகள். வீட்டுக்காரர் நம்மவர்தான், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர், கெட்ட மனிதர் அல்ல. கல்லறையிலிருந்து திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "பேசின கூலியைவிட நூறு ரூபாய் அதிகமாகவே கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன், சாமி." அவர் மனத்தில் பாவம் செய்ததாகவே எண்ணமில்லை. கூலி கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம் அல்லவா?

வேதாகமம் அப்படி நினைக்கவில்லை. யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவன் பள்ளத்தைத் தோண்டியோ திறந்தோ வைத்து அதை மூடாமல் போனால், அதில் ஒரு மாடோ கழுதையோ விழுந்து செத்தாலும் பள்ளத்துக்கு உடையவன் ஈடு செய்ய வேண்டும். உபாகமம் 22-ம் அதிகாரம், புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்கிறது. ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். விழுந்தவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை. பள்ளத்துக்கு உரியவனும் வீட்டுக்கு உரியவனுமே பதில் சொல்ல வேண்டும். மாட்டுக்கே இந்த நியாயம் என்றால் மனிதனுக்கு எவ்வளவு!

"அவன் குடித்திருந்தான், அதனால்தான் செத்தான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குடித்துவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்து என்பது உண்மை. குடியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் குடிக்காமல் அந்தக் குழிக்குள் இறங்க நம்மில் யாரால் முடியும்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அவனைத் தீர்ப்பிடுவோம்.

இறங்குகிறவர்களில் சிலர் என்னிடம் வந்து, "நெற்றியில் சிலுவை போடுங்கள் சாமி, மாதா பார்த்துக்கொள்வாள்" என்பார்கள். அவர்கள் விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நம் ஆண்டவரையே பசாசு கோயில் உச்சியில் நிறுத்தி, "குதி, சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள்" என்றபோது அவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கலாகாது என்று மறுத்துவிட்டார். மீட்டர் இல்லாமல், கயிறு இல்லாமல் இறங்கிவிட்டுக் கடவுள் காப்பார் என்பது அந்தக் குதிப்புக்குச் சமம். இறங்கச் சொல்லிவிட்டுக் கடவுள் காப்பார் என்பது அதைவிடப் பெரிய பாவம்.

மேலே நின்றவர் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கினாரே, அது பாவமா? நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று பிரசங்கம் செய்கிறவன் நான். அந்த இளைஞனின் அன்பைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் ஒரு கணக்கைக் கேளுங்கள். அமெரிக்க நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1986-ல் விடுத்த எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று கூறியது. ஒருவன் செத்த இடத்தில் அன்பு இரண்டு பேரை, மூன்று பேரைக் கொண்டுபோகிறது. அன்புக்கு அறிவு துணையாக வேண்டும்.

இதற்கும் வேதத்தில் வழியுண்டு. எரேமியா ஆகமம் 38-ம் அதிகாரம். தீர்க்கதரிசியைப் பாழுங்கிணற்றில் இறக்கிவிட்டார்கள். அதில் தண்ணீர் இல்லை, சகதிதான்; அவர் சகதியில் அமிழ்ந்தார். அரண்மனையில் ஊழியம் செய்த எபேது மெலேக் என்ற எத்தியோப்பியர் கேள்விப்பட்டார். அவர் என்ன செய்தார்? கிணற்றில் குதிக்கவில்லை. முதலில் அரசனிடம் போய் நியாயம் பேசி அனுமதி பெற்றார். முப்பது ஆட்களை அழைத்துக்கொண்டார். கிழிந்த பழந்துணிகளைத் தேடி எடுத்து, கயிற்றில் கட்டி இறக்கி, "இவற்றை அக்குளில் வைத்து, அதன்மேல் கயிற்றை மாட்டிக்கொள்ளும்" என்றார். பிறகு எல்லோரும் சேர்ந்து மேலே தூக்கினார்கள். எரேமியா பிழைத்தார், காப்பாற்ற வந்தவர்களில் ஒருவரும் சாகவில்லை. அதிகாரியின் அனுமதி, போதிய ஆட்கள், உடம்பில் கட்டும் வார், கயிறு, மேலிருந்தே தூக்குதல்: நம் பாதுகாப்பு அலுவலர் சொன்ன விதிகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. அக்குளில் கயிறு அறுக்குமே என்று பழந்துணி தேடினாரே, அந்த நுட்பமான இரக்கத்தையும் கவனியுங்கள். அந்நிய நாட்டார், கறுப்பு நிறத்தவர் என்று அந்த அரண்மனையில் தள்ளி வைத்துப் பார்த்திருக்கக்கூடிய ஒருவர்தான் அதைச் செய்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதாளச் சாக்கடையில் சாகிறவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஒருசில சாதிகளைச் சேர்ந்தவர்களாகவே இருப்பது தற்செயலா? தலைமுறை தலைமுறையாக அவர்களை அந்த வேலைக்கென்று ஒதுக்கிவிட்டோம். அதனால்தான் கருவி வாங்கப் பணமில்லை என்கிறோம், நேரமில்லை என்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை இறங்குவதாயிருந்தால் பணமும் நேரமும் எப்படியோ வந்திருக்கும். திருத்தந்தை 2-ம் அருள் சின்னப்பர் 1981-ல் வெளியிட்ட, உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில், வேலையின் மதிப்பு முதலில் அதைச் செய்கிற மனிதனிடமிருந்தே வருகிறது என்று கற்பித்தார். உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழலில் வேலை செய்வதைத் தொழிலாளியின் உரிமை என்றும் கூறினார். அவரே 2003-ல் ரோமையில் நம் தமிழகத்து ஆயர்களிடம், சாதி வேற்றுமை கிறிஸ்தவ ஒருமைப்பாட்டுக்கு முரணானது என்று சுட்டிக்காட்டினார். 1891-ல் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த 13-ம் சிங்கராயரை நினைவுகூர்ந்தே, 2025-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தையும் சிங்கராயர் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். திருச்சபையின் போதனையில் குறைவில்லை. அது நம் தெருவரைக்கும் வந்து சேர வேண்டும்.

நாட்டின் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் வந்த சட்டம், தக்க பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இத்தனை இருந்தும் செய்தித்தாளில் "விஷவாயு தாக்கி இருவர் பலி" என்ற தலைப்பு நின்றபாடில்லை. சட்டம் எழுதினவர்கள் நம் வாசலுக்கு வந்து நிற்கமாட்டார்கள். வாசலில் நிற்பவர்கள் நாம்.

செயல்படு

பொன்விழா என்ற ஜூபிலிக்கு வேதாகமத்தில் பொருள் என்ன? 50-ம் ஆண்டில் எக்காளம் ஊதி, அடிமைகளை விடுவித்து, இழந்தவனுக்கு அவன் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது. தோரணமும் மின்விளக்கும் தேர்பவனியும் இருக்கட்டும், நானும் மகிழ்கிறேன். ஆனால் யாருக்காவது விடுதலை கிடைத்தால்தான் அது ஜூபிலி. ஆகவே பங்குப் பேரவையினரோடு கலந்து சில தீர்மானங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, கோயில், பள்ளி, கன்னியர் மடம், பங்கு மண்டபம் ஆகிய எந்த இடத்திலும் செப்டிக் டேங்கில் இனி ஒரு மனிதனும் இறங்கக் கூடாது. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைத்தான் அழைக்க வேண்டும். உங்கள் வீடுகளிலும் அவ்வாறே செய்யுங்கள். அதற்கென்று 14420 என்ற தொலைபேசி எண் உண்டு. கோயில் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்கிறோம். லாரியோடு வந்தவர், "அடியில் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, இறங்கி அள்ளிவிடுகிறேன், நூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்" என்றால், "வேண்டாம் தம்பி" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிர்.

இரண்டாவது, அடைப்பு தானாக வருவதில்லை. துணி, நாப்கின், பிளாஸ்டிக் பை, சமையல் எண்ணெய், கட்டட வேலையின் சிமெண்டுக் கழிவு ஆகியவற்றை நாமே உள்ளே தள்ளுகிறோம். தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஆண்கள் அதைவிடக் கவனிக்க வேண்டும். நாம் அலட்சியமாகப் போட்டதை எடுக்கத்தான் ஒருவன் உள்ளே போகிறான்.

மூன்றாவது, புகார் கொடுத்தபின் சற்றுப் பொறுமை. "மூன்று நாளாகிறது, ஆளை அனுப்பு" என்று தொலைபேசியில் நாம் போடும் சத்தந்தான், இயந்திரம் வருமுன்னே ஓர் ஏழையை உள்ளே இறக்குகிறது. "இயந்திரத்தை அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அது நம் உரிமை.

நான்காவது, இத்தொழிலில் உள்ள சகோதரர்களுக்கு: உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடன்பிறந்தவரே ஆனாலும், வெறும் கையோடு இறங்காதீர்கள். மற்றவர்களையும் பிடித்து நிறுத்துங்கள். தீயணைப்புப் படைக்கு 101-ல் சொல்லுங்கள். உடம்பில் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள். ஒப்பந்தக்காரர் வற்புறுத்தினால், முடியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக ஒருவர் வேலை போகுமானால், அந்தக் குடும்பத்துக்குத் துணையாகப் பங்கு நிற்கும். இதை இந்தச் சபையில் எல்லோர் அறியச் சொல்லுகிறேன். பின்னால் எனக்கு ஞாபகப்படுத்த உங்களுக்கு உரிமை உண்டு.

ஐந்தாவது, அதிகாரிகளாகவும் மேற்பார்வையாளராகவும் உள்ளவர்களுக்கு: "என் சகோதரனுக்கு நான் காவலாளியோ?" என்ற பொருளில் காயின் கேட்டான். மேன்ஹோல் வாயருகே கயிற்றைப் பிடித்து நிற்பவர் உண்மையாகவே சகோதரனின் காவலாளிதான். அனுமதிச் சீட்டில் கையெழுத்திடுகிறவரும் அப்படியே. மீட்டரைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். ஓர் அடைப்பு ஒரு நாள் தாமதமாவதால் யாரும் சாகப் போவதில்லை.

கடைசியாக, இவ்வாறு குடும்பத் தலைவரை இழந்த வீடு எதுவானாலும், எந்த மதத்தவரானாலும், சட்டப்படி கிடைக்க வேண்டிய தொகைக்கு மனு எழுதவும் அலுவலகங்களுக்கு உடன் செல்லவும் வின்சென்ட் தெ பவுல் சபையார் முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகும்படி நம் பள்ளியில் படிக்க வைப்பதை அருட்சகோதரிகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் சார்பில் என் நன்றி.

அடுத்த ஆண்டு இதே திருநாளில், பீடத்தடியில் தச்சரின் உளியோடும் செவிலியரின் விளக்கோடும், ஒரு வாயு மீட்டரும் ஒரு சுருள் கயிறும் வைத்து மந்திரிக்கப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவற்றைக் கொண்டுவருகிறவர்களுக்கு முன்வரிசையில் இடம் விட்டுவையுங்கள்.

திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர், பூமிக்கு அடியில் நமக்காக உழைப்பவர்களையும் அவர்களுக்குக் காவல் நிற்பவர்களையும் காப்பாராக. எல்லாம் வல்ல இறைவன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.